முட்டை வைத்த பனியன்

அக்கா எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அவர் கடைக்குப் போனால் தோசைக்கல்லைத் தட்டுவார், குடத்தைத் தட்டுவார், வாங்கப்போகும் பிளாஸ்டிக் நாற்காலியைக்கூடத் தட்டுவார். பலாப்பழ சீசனில் பண்ருட்டியிலிருந்து வரும் லோடு வண்டி விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அக்கா ஒவ்வொரு பழமாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் "ஒண்ணும் தேறலய்யா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அப்புறம் அவர் வருவதைத் தூரத்தில் பார்த்தாலே பழக்காரர் தார்ப்பாயை இழுத்து மூட ஆரம்பித்தார்.

வேலையால் வந்த பழக்கம் அது. செராமிக் பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. சூளையிலிருந்து இறங்கும் சரக்கைத் தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது பிரிப்பது அவர் வேலை. அவர் என் பக்கம் தள்ளுவதை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்தை இழுத்துக் கட்டுகிற கம்பியில் மின்சாரம் இறங்காமல் இருக்கக் கோக்கிற பீங்கான் முட்டை, இவைதான் எங்கள் சரக்கு. நடுவிரலில் போட்டிருந்த செப்பு மோதிரத்தால் ஒரு தட்டு. கணீரென்றால் என் பக்கம். டொக்கென்றால் கீழே கிடக்கும் கூடையில். கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதெல்லாம் கிடையாது.

"ஒரு தடவ பாத்துட்டுத் தள்ளுங்களேங்க்கா" என்று நான் சேர்ந்த புதிதில் சொன்னேன்.

"கண்ணு என்னாத்தக் கண்டுது? மேல பளபளன்னு பூசிவுட்டா கண்ணு ஏமாந்துபூடும். காது ஏமாறாது" என்றார்.

இதைச் சரக்கோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. ஆட்களையும் அப்படித்தான் பிரிப்பார். சூளையில் வேலை பார்த்த ஒருவன் உடம்பு சரியில்லை என்று போன் செய்து இருமிக் காட்டினான். சூப்பர்வைசர் பாவப்பட்டு லீவு கொடுக்கப் போனார். அக்கா போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது தொண்டைலேர்ந்து வர்ற இருமலு, நெஞ்சுலேர்ந்து வரல. வரச் சொல்லுங்க" என்றார். அவன் அரை மணி நேரத்தில் வந்து நின்றான். தலைக்கு எண்ணெய் தடவி வாரி, சினிமாவுக்குக் கிளம்பிய சட்டையோடு. எனக்கும் தப்பிக்க வழியில்லை. காலையில் "என்னாக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், "வூட்ல சண்டையா?" என்பார். சண்டையாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்வது லேசான காரியம் இல்லை. ஆனால் அவர் வராத நாட்களில் எனக்கு வேலையே ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய வீட்டுக்காரர் பிரைவேட் பஸ் டிரைவர். விருத்தாசலத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் ஓடுகிற வண்டி. நான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் அந்த வண்டியில்தான் வேலைக்கு வந்து போனேன். ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு என்று இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் என்பதால் நான் அவரை மாமா என்பேன். நல்ல பருமன். தலைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து என்று தனியாக ஒன்றும் தெரியாது. அதிர்ந்து பேசமாட்டார். பேசாததற்கெல்லாம் சேர்த்துக் குறட்டை விடுவார் என்று அக்கா சொல்வார்.

அந்தக் குறட்டை தெருவில் பிரசித்தம். மூன்றாவது வீட்டில் குடி வந்தவர்கள் மோட்டார் ரிப்பேர் என்று நினைத்து விசாரிக்க வந்தார்களாம். அக்காவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. "ஒழைக்கறவன் தூக்கம்டி அது. சத்தத்தக் கேட்டாலே தெரியல, எம்மா கெட்டியா தூங்குறாருன்னு" என்பார்.

இத்தனை கெட்டியாகத் தூங்குகிறவர் பகலெல்லாம் ஏன் கொட்டாவி விடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. டீ குடிக்கும்போது கண் சொருகும். டிக்கெட் கணக்கைப் பற்றிக் கண்டக்டர் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் பாதியில் தலை தொங்கிவிடும். ஒரு நாள் சாயங்காலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. ரயில் போனது, கேட்டைத் திறந்தார்கள், எங்கள் வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற கரும்பு டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் விசில் அடித்தார். கடைசியில் முன்சீட்டு அம்மா ஒருவர் கை நீட்டி மாமாவின் தோளைத் தொட்டு எழுப்பினார். "தூங்குனாலும் பிரேக்குலேர்ந்து கால எடுக்கல பாருங்க" என்று கண்டக்டர் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் பட்டது.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "கேட்டுல நின்னா யாருக்குத்தான் தூக்கம் வராது?" என்று சொல்லிவிட்டு ஒரு ஜாடியைத் தட்டினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனின் கல்யாணப் பத்திரிகை வைக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மத்தியானம். மாமாவுக்கு ஓய்வு நாள். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு கூடத்தில் பாய் போட்டு மல்லாந்து படுத்திருந்தார். ஃபேன் சத்தத்தையும் மீறிக் குறட்டை வந்தது. அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குறட்டை ஏறிக்கொண்டே போய், திடுக்கென்று நின்றது.

"பாத்தியா, இப்பத்தான் நல்லா அசந்து தூங்குறாரு" என்றார் அக்கா. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் மாமாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்தபடி இருந்தது. வயிறு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சு உள்ளே போவதாகவும் தெரியவில்லை, வெளியே வருவதாகவும் தெரியவில்லை.

"அக்கா, மாமா மூச்சு வுடல."

"சும்மா இருடி. தூங்குறவரப் போயி..."

"வாய்க்கிட்ட கையை வச்சிப் பாருங்க்கா."

அக்கா எழுந்து போய்க் கையை வைத்தார். காற்று படவில்லை. கூப்பிட வாயைத் திறக்கிறார், அதற்குள் மாமா கிணற்றிலிருந்து தலை தூக்கியவர்போல ஒரு பெரிய மூச்சை இழுத்து, செருமி, ஒருக்களித்துப் படுத்து, மறுபடி குறட்டையை ஆரம்பித்தார். ஒருக்களித்துப் படுத்தபோது குறட்டை பாதியாகக் குறைந்ததை இரண்டு பேருமே கவனித்தோம்.

நான் கவனித்ததோடு சரி. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பீங்கான் முட்டையை வாங்கிக்கொண்டார். கூடையில் கிடந்த கழிவு முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வூட்டுக்காரருக்குக் கிராக்கு வுட்டதப் போடச் சொல்றீங்களா?" நல்லதாக ஒன்றைத் தட்டி எடுத்தார். வீட்டில் மாமாவின் பனியனுக்கு முதுகுப்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்து, முட்டையை அதற்குள் போட்டு, பையின் வாயையும் தைத்துவிட்டார். மல்லாந்தால் முட்டை முதுகெலும்பில் குத்தும். குத்தினால் மனிதர் திரும்பிப் படுப்பார். கணக்கு அவ்வளவுதான்.

மாமா ஆரம்பத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னா, என்னயக் கோழின்னு நெனைச்சியா? முட்டையோட படுக்கச் சொல்ற?" என்றாராம். முதல் வாரம் முதுகில் நீலமாகக் கன்றிப்போய், வண்டியில் சாய்ந்து உட்காரமுடியாமல் நிமிர்ந்தே ஓட்டினார். பயணிகளுக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அக்கா சின்ன அளவு முட்டைக்கு மாற்றினார். மாமா பழகிவிட்டார். துவைக்கும் நாளில் முட்டையைப் பிரித்தெடுத்து, மறுபடி வைத்துத் தைக்க வேண்டும். கொடியில் காயும் பனியனைப் பார்த்துத் தெருவில் கேள்வி கேட்டார்கள். அக்கா கூச்சப்படாமல் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். இரண்டு வீடுகளுக்கு முட்டையும் கொடுத்தார்.

குறட்டை அடங்கிவிட்டது. "இப்ப எங்க வூட்ல ஃபேனு சத்தம் கேக்குதுடி" என்று காலையில் வந்ததும் என்னிடம் சொன்னார். மாமா தேறிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்.

நான்தான் விடவில்லை. அந்த வண்டியில் போகிறவள் நான், அக்கா இல்லை. மாமாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போது இதையும் சொல்லிவிட்டு வாருங்கள் என்று நச்சரித்து அனுப்பினேன். இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கழுத்தை அளந்து பார்த்தாராம், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்தாராம். மல்லாந்து படுத்தால் நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைக்கும், ஒருக்களித்தால் அடைப்பு குறையும், சிலருக்கு அதுவே போதும், எல்லோருக்கும் போதாது என்றாராம். பனியனைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, "நல்ல யோசனைம்மா. ஆனா இவரு ஒடம்புக்கு இது மட்டும் பத்துமான்னு தெரியல. பாண்டிச்சேரில தூங்க வச்சிப் பாக்கற டெஸ்ட்டு இருக்கு, அத எடுத்துருங்க. அது வரைக்கும் வண்டி ஓட்டவேணாம்" என்று சொல்லியிருக்கிறார்.

கம்பெனியில் அக்கா எல்லோரிடமும் சொன்னது, "டாக்டரே நல்ல யோசனைன்னு சொல்லிட்டாரு" என்பதை மட்டும்தான். மிச்சத்தை நான் நோண்டி நோண்டிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"அப்ப டெஸ்ட்டு?"

"அவரு வேணாங்குறாரு. டெஸ்ட்டுல எதுனா வந்துச்சின்னா மொதலாளி ஸ்டியரிங்கத் தொட வுடுவாரா? 'ஸ்டியரிங்கு போனா நான் என்னா பண்ணுவன், ஒன்னாட்டம் ஜாடியத் தட்டவா'ன்னு கேக்குறாரு. பதில் சொல்லு பாப்பம்."

மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. கிளீனராக ஏறி, டிரைவராக ஆனவர். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மட்டும்தான் அவர் யாருக்கும் கூச்சப்படாமல் உட்கார்ந்திருப்பார். அக்காவுக்கு அது தெரியும். அதனால்தான் அவரும் சேர்ந்துகொண்டு, "சத்தமே இல்லாம தூங்குறாரு, இன்னும் என்னா வேணும்" என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

உளுந்து அறுப்பு முடிந்த சமயம். எங்கள் ரோட்டில் பாதியை உளுந்துச் செடி காயப்போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மீதியில் பஸ் போகும். அன்று காலை மாமா டூட்டி. ஸ்ரீமுஷ்ணம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நேர்ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. எந்த அவசரமும் இல்லாமல், மெதுவாக, இடதுபக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. யாருக்கோ வழிவிடுகிறார் என்று நினைத்தேன். எதிரில் யாரும் இல்லை. வண்டி உளுந்துச் செடியின் மேல் ஏறி, காய்கள் சடசடவென்று வெடித்தன. செடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு வேகத்தைக் குறைத்தது. குச்சியோடு காவல் இருந்த அம்மா எழுப்பிய கூச்சலில்தான் மாமா விழித்தார். பிரேக் போட்டு நின்ற இடத்துக்கும் ரோட்டோர வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

அந்த அம்மா உளுந்து போனதற்காக மாமாவின் பரம்பரையையே திட்டினார். அந்தச் செடி அங்கே காயாமல் இருந்திருந்தால் திட்டு வாங்க நாங்கள் இருந்திருக்கமாட்டோம் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. மாமா கீழே இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபமும் வந்தது.

கம்பெனிக்குப் போனதும் நேராக அக்காவின் மேஜைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். "இனிமே நான் அந்த வண்டில வரமாட்டங்க்கா" என்றேன். அன்று முழுக்க அவர் என் பக்கம் தள்ளிய சரக்கு ரொம்பக் கம்மி.

அடுத்த நாள் மாமாவுக்கு ஓய்வு. அக்கா லீவு போட்டார். அதற்கு அடுத்த நாள் வந்து, உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னார்.

"பகல்ல ஒருக்களிச்சிதான் தூங்குனாரு. முட்ட போட்ட பனியன்தான். துளி சத்தம் இல்ல. நான் மூக்குக்கிட்ட கைய வச்சிக்கினு குந்தியிருந்தன். மூச்சு நிக்குதுடி. முந்தி மாரி அடிக்கடி இல்ல. ஆனா நிக்குது. நின்னு நின்னு வருது. இத்தன நாளா நான் சத்தம் இல்லன்னு சந்தோசப்பட்டுக்கினு இருந்தது, அவுரு மூச்சு வுடாம கெடந்த நேரத்துக்கு."

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுதுகொண்டே வேலையும் செய்தார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் வீட்டுப்பக்கம் போகாமல் என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். நான் வேறு வண்டிக்காகத்தான் போனேன். ஸ்ரீமுஷ்ணம் வண்டி புறப்படத் தயாராக, உட்கார இடமில்லாமல் நின்றது. மாமா சீட்டில் இருந்தார். அக்கா முன்வாசல் வழியாக ஏறி, மாமாவைப் பார்க்காமல், ஆட்களைப் பார்த்து நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்த வண்டி ஓட்டறவரு எங்க வூட்டுக்காரு. தூக்கத்துல அவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது. அதனால ராவெல்லாம் தூங்கியும் தூங்காத மாரி. ஓட்டும்போதே தூங்கிப்புடறாரு. டாக்டரு ஓட்டவேணாம்னு சொல்லிட்டாரு. எறங்கிக்குங்க."

ஒருவர், "அப்ப அடுத்த வண்டி எத்தன மணிக்கு?" என்று கண்டக்டரிடம் கேட்டார். ஒரு பெரியவர், "நான் எறங்கமாட்டன், இப்பத்தான் ஜன்னலோர சீட்டு கெடைச்சிது" என்றார். "என்னா அண்ணி இது" என்று கண்டக்டர் கெஞ்சினார். முந்தாநாள் காலையில் என்னோடு வண்டியில் இருந்த இரண்டு பெண்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். ஜன்னலோரப் பெரியவர் கடைசி வரை இறங்கவில்லை.

மாமா என்ஜினை நிறுத்தினார். சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். போகும்போது அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பஸ் முதலாளி வந்தார். "ஏம்மா, இதெல்லாம் வூட்டோட பேசிக்கக் கூடாதா? ஊரு முழுக்க மானம் போவுது" என்றார்.

"வூட்ல பேசிப் பாத்துட்டுத்தாங்க இங்க வந்தன்" என்றார் அக்கா.

மற்ற டிரைவரை வீட்டிலிருந்து கூப்பிட்டு, வண்டி தாமதமாகக் கிளம்பியது. நான் அதில்தான் போனேன்.

பாண்டிச்சேரியில் டெஸ்ட் எடுத்தார்கள். மல்லாந்தால் மிக மோசம், ஒருக்களித்தால் பரவாயில்லை, ஆனாலும் விட்டுவைக்கக்கூடாது என்று ரிப்போர்ட் வந்தது. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள, காற்றைத் தள்ளித் தொண்டை அடைக்காமல் வைக்கிற ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதைத் தவறாமல் மாட்டி, பகல் தூக்கம் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் திரும்ப ஓட்டலாம். அது வரை முதலாளி அவரை பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரம் பார்த்து அனுப்புகிற வேலையில் போட்டார். மாமா அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிப் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வணக்கம் சொன்னால் தலையாட்டுவார். கண்ணில் தூக்கம் தெரியாது. வேறு என்னென்னவோ தெரிந்தது.

அக்காவோடு மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாரங்கள் போய் மாதங்கள் ஆயின. நூறு பேருக்கு முன்னால் தன்னைச் சீட்டிலிருந்து இறக்கிய பெண்டாட்டியோடு என்ன பேச்சு என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அவர் பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். பிறகு அந்த வாய்க்கால் ஞாபகம் வரும்.

எனக்குக் கல்யாணம் முடிவாகி, பண்ருட்டிக்குப் போவதற்காக வேலையை விட்ட அன்று, டீ நேரத்தில் அக்காவோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"மாமா பேசறாராக்கா?"

"இல்ல. சோறு போட்டா சாப்புடுறாரு. எந்திரிச்சிப் போறாரு. படுக்கும்போது அவுரே மெஷின எடுத்து மாட்டிக்கிறாரு."

"கஷ்டமா இல்லையா ஒங்களுக்கு?"

அக்கா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"பேசலன்னா போவுது" என்றார். "கோவிச்சிக்கறதுக்கு ஆளு இருக்கறாருல்ல."